தடுப்பவர் முதலில் பார்த்தாக வேண்டும்

அவையோருக்கு வணக்கம்.

ஒரு தளம் திறக்கவில்லை என்றால் "முடக்கிவிட்டார்கள்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். இன்று அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். எந்த இடத்தில் மறிக்கிறார்கள் என்று தெரிந்தால், அங்கே நின்று எதையெல்லாம் பார்க்கிறார்கள் என்பதும் தெரிந்துவிடும். பார்க்காமல் தடுக்க முடியாது. தணிக்கை வேறு, கண்காணிப்பு வேறு என்று வாதிடுகிறவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள்: வழிமறிக்க வைத்த கருவியாலேயே குறிப்பும் எடுக்கலாம்.

முதல் இடம் டிஎன்எஸ். தளத்தின் பெயரைத் தட்டியதும், அதற்குரிய ஐபி முகவரி, அதாவது இணையத்தில் அதன் எண், என்ன என்று உங்கள் போனோ கணினியோ ஒரு சர்வரைக் கேட்கிறது. பெரும்பாலும் அது உங்கள் இணைய சேவை நிறுவனத்தின் சர்வர். கேள்வி வழக்கமாக 53ஆம் போர்ட் என்ற வாசல் எண் வழியே, குறியாக்கம் இல்லாமல், அஞ்சலட்டை மாதிரித் திறந்தபடி போகிறது. பொய் முகவரி ஒன்றைத் தந்தாலே போதும், தளம் காணாமல் போய்விடும். மலிவான முறை, சுற்றிக்கொண்டு போவதும் எளிது. 2014 மார்ச்சில் துருக்கி ட்விட்டரை முடக்கியபோது, கூகுளின் டிஎன்எஸ் முகவரியான 8.8.8.8ஐ மக்கள் சுவர்களில் எழுதி வைத்தார்கள். சில நாட்களில் அந்நாட்டுச் சேவை நிறுவனங்கள் அந்த முகவரிக்குப் போகும் பாதையையே தங்கள் பக்கம் திருப்பிக்கொண்டன. கேள்விக்குப் பதில் வந்தது. பதில் சொன்னது கூகுள் அல்ல. ஆகவே டிஎன்எஸ் எண்ணை மாற்றினால் மட்டும் போதாது. கேள்வியையே குறியாக்கம் செய்து அனுப்பும் அமைப்பு இன்றைய பிரவுசர்களில் இருக்கிறது. அதை இயக்கி வையுங்கள்.

இரண்டாவது, ஐபி முகவரியையே மறிப்பது. ஒரே முகவரிக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான தளங்கள் குடியிருக்கும் காலம் இது. 2018 ஏப்ரலில் டெலிகிராமைத் தடுக்கக் கிளம்பிய ரஷ்யா, அமேசான், கூகுள் கிளவுடுகளின் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட முகவரிகளை மறித்தது. சம்பந்தமே இல்லாத சேவைகள் படுத்துவிட்டன. டெலிகிராம் ஓடிக்கொண்டே இருந்தது. 2020 ஜூனில் தடையை விலக்கினார்கள். இதைவிடப் பெரிய விபத்து 2008 பிப்ரவரி 24 அன்று நடந்தது. எந்த முகவரிகளுக்கு எந்த வழியில் வரலாம் என்று நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று அறிவித்துக்கொள்ளும். யூடியூபைத் தன் நாட்டுக்குள் தடுக்கப் பாகிஸ்தான் டெலிகாம் அப்படி அறிவித்த போலிப் பாதை எல்லை தாண்டிக் கசிந்தது. யூடியூப் அறிவித்திருந்ததைவிடக் குறுகிய முகவரித் தொகுதி அது. குறுகிய தொகுதியைத்தான் பாதை காட்டும் ரூட்டர்கள் முதலில் நம்பும். சுமார் இரண்டு மணி நேரம் உலகின் பெரும்பகுதிக்கு யூடியூப் கிடைக்கவில்லை.

இன்று பல நாடுகளில் மறிப்பு மூன்றாவது ஓர் இடத்தில் நடக்கிறது. கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டிய இடம் இது. பிரவுசரின் முகவரிப் பட்டையில் பூட்டுப் படம் தெரிந்தால் நடுவில் இருப்பவருக்கு எதுவும் தெரியாது என்று நினைக்கிறோம். உள்ளடக்கம் தெரியாது, உண்மை. ஆனால் இணைப்பைத் தொடங்கும் முதல் செய்தியில், எந்தத் தளம் வேண்டும் என்ற பெயர் பச்சையாக இருக்கிறது. எஸ்என்ஐ என்கிறார்கள். நடுவில் உள்ள கருவி அந்தப் பெயரைப் படித்து, இருபுறமும் "இணைப்பைத் துண்டி" என்ற போலிப் பாக்கெட்டை, அதாவது ஒரு சிறு தரவுத் துண்டை, அனுப்பும். சர்வரே துண்டித்ததாக உங்கள் பிரவுசர் நம்பிவிடும். 2021 மார்ச்சில் ரஷ்யா ட்விட்டரின் வேகத்தைக் குறைத்தபோது, "டி.கோ" (t.co) என்ற அதன் சுருக்க முகவரியின் எழுத்துகள் எங்கே வந்தாலும் பிடிக்கும்படி விதி எழுதியிருந்தார்கள். மைக்ரோசாஃப்ட் (microsoft.com), ரெட்டிட் (reddit.com) ஆகியவற்றின் இணைய முகவரிகளிலும் அதே எழுத்துத் தொடர் இருந்ததால் அவையும் சேர்ந்து தவழ்ந்தன. இந்தப் பெயரையும் மூடி அனுப்பும் ஈசிஹெச் என்ற முறை வந்திருக்கிறது. பிரவுசரும் தளமும் இரண்டுமே அதை ஏற்க வேண்டும். 2024 நவம்பரில், பல தளங்களுக்கு நடுவில் நின்று சேவை தரும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் வழியான அத்தகைய இணைப்புகளையே ரஷ்யா மறிக்கத் தொடங்கியது.

தளத்தின் பெயர் தெரிந்தாலும், அதற்குள் எந்தப் பக்கம் என்பது குறியாக்கத்தில் மூடியிருப்பதால், ஒரு கட்டுரையை மட்டும் தடுக்க நினைக்கும் அரசு தளம் முழுவதையும் தடுக்க வேண்டியதாகிறது. விக்கிப்பீடியா துருக்கியில் 2017 ஏப்ரல் 29 முதல் 2020 ஜனவரி 15 வரை முழுதாக மூடிக் கிடந்தது இப்படித்தான். வேறு வழி பூட்டையே உடைப்பது. 2019 ஜூலையில் கஜகஸ்தான், அரசுச் சான்றிதழைக் கருவிகளில் நிறுவச் சொன்னது. எந்தத் தளம் உண்மையானது என்று பிரவுசர் நம்ப உதவும் டிஜிட்டல் அத்தாட்சி அது; இப்படி மற்றவற்றுக்கெல்லாம் அடிப்படையாக நிற்பது வேர்ச்சான்றிதழ். நிறுவியவர் அனுப்பும் எல்லாவற்றையும் நடுவில் திறந்து படித்து, மீண்டும் மூடி அனுப்பலாம். அடுத்த மாதமே கூகுள், மொசில்லா, ஆப்பிள் மூன்றும் அந்தச் சான்றிதழை நிராகரித்தன. யார் சொன்னாலும், எந்தச் சேவைக்காக என்றாலும், காரணம் புரியாத வேர்ச்சான்றிதழைக் கருவியில் ஏற்றாதீர்கள்.

உங்கள் இணைப்பை இன்னொரு சர்வர் வழியே குறியாக்கம் செய்து அனுப்பும் விபிஎன் பற்றி எப்போதும் கேட்கிறார்கள். அது உங்களை மறைப்பதில்லை, பார்ப்பவரை மாற்றுகிறது. சேவை நிறுவனம் பார்த்ததை இனி விபிஎன் நடத்துபவர் பார்ப்பார். இணைப்பு அறுந்தால் போக்குவரத்து சத்தமில்லாமல் பழைய வழிக்குத் திரும்பிவிடும். அறுந்ததும் இணையத்தையே நிறுத்தும் அமைப்பை இயக்குங்கள். அடையாளத்தை மறைக்க உதவும் டார் என்ற நெட்வொர்க்கில் இணைப்பு மூன்று கணினிகளைத் தாண்டிப் போகிறது: முதலாவதற்கு நீங்கள் யார் என்று தெரியும், எங்கே போகிறீர்கள் என்று தெரியாது, கடைசிக்கு நேர்மாறு. ஆனால் சொந்தப் பெயரில் உள்ள கணக்கில் நுழைந்துவிட்டால் இரண்டுமே வீண். அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கக்கூடிய, முனைக்கு முனை குறியாக்கம் செய்த உரையாடலிலும் யாரோடு, எப்போது, எத்தனை முறை என்ற விவரம் எங்கோ பதிவாகலாம். ஒருவரின் நட்பு வட்டத்தை வரைய அது போதும், சொற்கள் தேவையே இல்லை. காப்புப்பிரதி குறியாக்கம் இல்லாமல் கிளவுடில் கிடந்தால் சொற்களும் கிடைத்துவிடும்.

ஒரு முடக்கத்தை நீதிமன்றத்திலோ பத்திரிகையிலோ கேள்வி கேட்க வேண்டுமானால் பதிவு வேண்டும். தேதி, நேரம், சேவை நிறுவனத்தின் பெயர், திரையில் வந்த பிழைச் செய்தியின் படம், இரண்டு வெவ்வேறு டிஎன்எஸ் சர்வர்கள் தந்த பதில்கள், வேறொரு நெட்வொர்க்கில் அதே நிமிடம் என்ன நடந்தது என்ற குறிப்பு. சேர்ந்து பதிவு செய்பவர்கள் பெருகப் பெருக, "தொழில்நுட்பக் கோளாறு" என்ற பதில் எடுபடாது. ஊனி ப்ரோப் என்ற செயலி இந்தச் சோதனைகளைத் தானே செய்து முடிவுகளைப் பொதுவில் வெளியிடுகிறது. ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: தடைசெய்த தளங்களை அது வரிசையாகத் திறந்து பார்க்கும், உங்கள் இணைப்பிலிருந்து அவற்றைத் தேடியது சேவை நிறுவனத்துக்குத் தெரியும். அது ஆபத்தாகக்கூடிய ஊரில் இருப்பவர், சோதனைப் பட்டியலைப் படித்துவிட்டு, வேண்டாத வகைகளை நீக்கிய பிறகே பொத்தானை அழுத்த வேண்டும்.