சுட்ட பிறகுதான் வேலையே

வணக்கம். நான் காசிமேட்டுக்காரன். 20 வருடமாக இருப்பது என்னவோ அமெரிக்காவில், விஸ்கான்சின் என்கிற மாநிலத்தில். இயந்திர உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை. அம்மாவைப் பார்க்க ஒரு மாத லீவில் வந்தவனைப் பிடித்து, அமெரிக்க வாழ்க்கையைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். அதைப் பேச இப்போது தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள், வேறு ஏதாவது சொல்கிறேனே என்று இழுத்தவன், வாய் தவறி "நான் வருடாவருடம் மான் வேட்டைக்குப் போவேன்" என்று சொல்லிவிட்டேன். அறையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் ஒலிப்பதிவு செய்கிற தம்பி மெதுவாகக் கேட்டார்: "சார், கேஸ் ஆகாதா?"

இங்கே செய்தால் ஆகும். 1972ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மானைச் சுட்டால் சிறைதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. நான் பேசப் போவது அங்கே உள்ள வெள்ளைவால் மானைப் பற்றி. ஓடும்போது வாலைத் தூக்கும், அடிப்பக்கம் வெள்ளைத் துணியை ஆட்டுவது மாதிரித் தெரியும். குட்டியாக இருக்கும்போது மட்டும் உடம்பில் புள்ளி, வளர்ந்ததும் மறைந்துவிடும். நம் கிண்டிப் பூங்காப் புள்ளிமானுக்குப் பெரியப்பா பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காசிமேட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும், வலை பின்னுகிறவர்களும் பெயின்ட் அடிக்கிறவர்களும்தான் துறைமுகத்தில் இருப்பார்கள். மீன் முட்டையிடுகிற காலம், அதனால் தடை. இதைச் சொன்னால் வடசென்னையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. விஸ்கான்சினில் கணக்கு தலைகீழ். அங்கே துப்பாக்கியோடு மான் வேட்டைக்கு முக்கியமான சீசன் வெறும் 9 நாள். நவம்பர் மாதக் கடைசியில், அவர்கள் நன்றி நவிலும் நாள் என்று கொண்டாடும் வியாழனுக்கு முந்தைய சனிக்கிழமை ஆரம்பித்து, அதற்கு அடுத்த ஞாயிறோடு முடியும். சூரியன் உதிக்க அரை மணி முன்னால் தொடங்கலாம், மறைந்து 20 நிமிடம் ஆனால் தோட்டாவை எடுத்துப் பையில் போட்டுவிட வேண்டும். கொம்புள்ள ஆண்மானுக்கு ஒரு அனுமதிச் சீட்டு. பெண்மானுக்கு அந்தந்த மாவட்டத்தில் எத்தனை இருக்கிறது என்று பார்த்துத் தனிச் சீட்டு. சுட்டால் மறுநாள் சாயங்காலம் 5 மணிக்குள் அரசாங்கத்தில் பதிவு செய்ய வேண்டும்.

நான் உரிமம் வாங்கிய கதை இருக்கிறதே, அது ஒரு கூத்து. 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் எல்லாரும் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் தேற வேண்டும். எனக்கு அப்போது 33 வயது. வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனுக்கு 11. பரீட்சையில் அவன் என்னைவிட அதிக மார்க். அங்கே சொல்லிக்கொடுப்பது நாலே நாலு விஷயம்: எந்தத் துப்பாக்கியிலும் தோட்டா இருக்கிறது என்றே நினை, குழாயை ஆபத்தில்லாத பக்கம் பிடி, எதைச் சுடுகிறாய் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது இரண்டையும் பார், சுடுகிற நொடி வரை விரலை விசைக்குள் விடாதே. இந்த நாலை இரண்டு வாரம் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். மானைப் பற்றிச் சொன்னது கொஞ்சம்தான்.

மானைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு பக்கம் ஒரு வயதான விவசாயி, அவர் நிலத்தில்தான் இன்றுவரை போகிறேன். இன்னொரு பக்கம், சிரிக்காதீர்கள், எங்கள் நைனா. அவர் படகில் போனவர், மானை வண்டலூரில் பார்த்ததோடு சரி. ஆனால் விடியற்காலையில் வாசலில் நின்று முகத்தைத் திருப்பித் திருப்பி, இன்றைக்கு எந்தக் காற்று, வாடையா கச்சானா என்று பார்த்துவிட்டுத்தான் டீக்கே போவார். சின்ன வயதில் இது என்ன வேலை என்று நினைப்பேன். வெள்ளைவால் மானுக்கு மூக்குதான் எல்லாம். நீ இருக்கும் பக்கத்திலிருந்து அது வரும் பக்கம் காற்று அடித்தால், அன்றைக்கு வீட்டுக்குப் போய்விடலாம், நாள் முடிந்தது. முதல் வருடம் எனக்கு ஒன்றுமே கண்ணில் படாததற்குக் காரணம் காற்று மட்டும் இல்லை. என் சட்டை, குல்லா, கோட்டு எல்லாம் எங்கள் சமையலறைப் பக்கம் மாட்டியிருந்தது. பெருங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்த வாசனையோடு காட்டில் போய் உட்கார்ந்தால் எந்த மான் வரும்? இப்போது அந்தத் துணிகளைத் தனியாகத் துவைத்துக் கார் ஷெட்டில் தொங்கவிடுகிறேன். சீசனுக்கு முந்தைய இரவு வீட்டில் தயிர்சாதம்தான். என் மனைவிக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

மேலே போட்டுக்கொள்வது கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு, இடுப்புக்கு மேலே பாதியாவது அந்த நிறமோ, அதே மாதிரிக் கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்போ இருக்க வேண்டும் என்பது சட்டம். மானுக்குத் தெரிந்துவிடாதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். மான் கண்ணுக்கு அந்த ஆரஞ்சு நமக்குத் தெரிவதுபோலத் தெரியாது. நீலம்தான் அதற்கு நன்றாகத் தெரியும். ஆரஞ்சு இன்னொரு வேட்டைக்காரன் கண்ணுக்காக.

அப்புறம் காத்திருப்பது. மரத்தில் 15 அடி உயரத்தில் பரண், உடம்பைக் கயிற்றால் மரத்தோடு கட்டிக்கொண்டு, மைனஸ் 10 டிகிரியில் இருட்டில் ஏறி உட்கார வேண்டும். நம் ஊர் தினைப்புனத்துப் பரண் மாதிரிதான், என்ன, கிளி ஓட்ட யாரும் இல்லை. பிளாஸ்கில் சுக்குக் காப்பி. காய்ந்த சருகில் பெரிதாக ஏதோ நடந்து வருகிற சத்தம் கேட்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், திரும்பிப் பார்த்தால் ஒரு அணில். ஒரு அணில் நடக்கிற சத்தம் நாலு மான் வருகிற மாதிரி இருக்கும். மான் வரும்போது சத்தமே இருக்காது. சுற்றிலும் ஒன்றும் இல்லாத இடத்தில் திடீரென்று ஒரு காது தெரியும், அப்புறம்தான் மீதி மான். ஒரு சீசனில் 50 மணி நேரம் உட்கார்ந்தால் துப்பாக்கியைத் தோளில் வைப்பது ஒரு தரமோ இரண்டு தரமோ. எதுவும் சுடாமல் முடிந்த வருடங்கள் எனக்கு ஐந்து. வேட்டை என்றதும் ஜீப்பில் துரத்திக்கொண்டு போவதுபோல இங்கே சினிமாவில் காட்டுவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

சரி, சுட்டாகிவிட்டது. அப்போதுதான் வேலையே. மான் உடனே விழாது, நெஞ்சில் பட்டாலும் நூறு கஜம் ஓடும். இறங்கி ஓடக்கூடாது, குறைந்தது அரை மணி நேரம் அப்படியே உட்கார வேண்டும். பிறகு மான் நின்ற இடத்தில் போய் ரத்தத்தைப் பார்க்க வேண்டும். நுரையோடு இளஞ்சிவப்பாக இருந்தால் நுரையீரல், பக்கத்திலேயே கிடக்கும். கறுத்த சிவப்பு என்றால் ஈரல், இன்னும் சில மணி நேரம் பொறு. பச்சையாக ஏதாவது கலந்திருந்தால் வயிற்றில் பட்டிருக்கிறது, அது நம் தப்பு, நாள் பாதி காத்திருக்க வேண்டும்.

2014இல் எனக்கு அந்தப் பச்சைதான் வந்தது. சாயங்காலம், வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, பெண்மான் ஒன்று வயலோரம் தூரத்தில் நின்றது, நான் வழக்கமாகச் சுடுகிற தூரத்தைவிட அதிகம். சீசனில் அதுவரை ஒன்றும் கிடைக்கவில்லை என்கிற அரிப்பு. சுட்டேன். அது முதுகை வளைத்துக்கொண்டு மெதுவாகப் புதருக்குள் போனது. அப்படிப் போனாலே வயிறு என்று அந்த விவசாயிப் பெரியவர் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். ஆனால் எனக்குப் பொறுமை இல்லை, 20 நிமிடத்தில் டார்ச்சை எடுத்துக்கொண்டு போனேன். 60 கஜத்தில் படுத்திருந்தது என்னைக் கண்டதும் எழுந்து ஓடிற்று. நான் போகாமல் இருந்திருந்தால் அங்கேயே கிடந்திருக்கும். இரவு 11 மணி வரை ஊர்ந்து தேடினேன். விடிந்ததும் பெரியவர் வந்தார், ஒன்றும் சொல்லவில்லை, காக்கை கத்துகிற திசையில் நடந்தார். ஓடையைத் தாண்டிக் கிடந்தது, கயோட்டி என்கிற நரி ஜாதி பாதிக்கு மேல் தின்றிருந்தது. சட்டப்படி என் சீட்டு இன்னும் என் பையில்தான் இருந்தது, வேறு ஒன்றைச் சுட்டிருக்கலாம். அந்த வருடம் நான் மறுபடி துப்பாக்கியைத் தொடவில்லை. அதற்குப் பிறகு 80 கஜத்துக்கு மேல் நிற்கிற மானைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறேன். அரை மைல் தூரத்தில் சுட்டேன் என்று பெருமை பேசுகிறவர்கள் அங்கேயும் நிறைய. அந்த ஆளோடு நான் காப்பி குடிப்பேன், வேட்டைக்குப் போகமாட்டேன்.

கிடைத்தால், அந்த இடத்திலேயே குடலை எடுத்துவிட வேண்டும், சூடு இறங்காவிட்டால் கறி கெட்டுவிடும். இங்கே எனக்கு மாமா கைகொடுத்தார். ஓட்டேரியில் கறிக்கடை வைத்திருந்தவர், விடியற்காலையில் ஆடுதொட்டிக்குப் போகும்போது லீவு நாளில் என்னையும் சைக்கிளில் ஏற்றிக்கொள்வார். தோல் உரிக்கும்போது கத்தியைவிட முட்டிக்கை அதிகம் வேலை செய்ய வேண்டும் என்பது அவர் சொன்னது. மற்றவர்கள் மானைக் கசாப்புக்காரரிடம் கொடுத்துப் பொட்டலமாக வாங்கிக்கொள்கிறார்கள், நான் கார் ஷெட்டில் தொங்கவிட்டு நானே வெட்டுகிறேன். நடுத்தரமான ஒரு மானில் எலும்பில்லாமல் 20, 25 கிலோ தேறும். மான் கொழுப்பு மட்டும் கூடாது, ஆறினால் மெழுகு மாதிரி அண்ணத்தில் ஒட்டும், ஒரு பொட்டு விடாமல் சீவி எறிய வேண்டும். அதை எறிந்தபின் கறியில் கொழுப்பே இல்லை, அதனால் நம் ஆட்டுக்கறி பக்குவத்தில் வைத்தால் விறகுதான். நல்லெண்ணெய் தாராளமாக, சின்ன வெங்காயம், மிளகு, குக்கரில் ஆறு விசில். தொடைக்கறியில் பாதியைக் கொத்தி கோலா உருண்டை. மீதி உப்புக்கண்டம், ஆயா மொட்டைமாடியில் கயிற்றில் காயவைத்ததை நான் குளிருக்குப் பயந்து மின்சார அடுப்பில் வைக்கிறேன். சக தொழிலாளிகள் அவர்கள் பக்குவத்தில் செய்து கொண்டுவருவதைவிட என்னுடையதுதான் முதலில் தீரும்.

ஆனால் பரிசோதனை முடிவு வராமல் அடுப்பில் ஏற்றுவதில்லை. 2002இல் விஸ்கான்சின் மான்களில் ஒரு மூளை நோய் கண்டுபிடித்தார்கள், மான் மெலிந்து மெலிந்து சாகும், பிரையான் என்கிற வடிவம் கெட்டுப்போன புரதத்தால் வருவது, எத்தனை விசில் வைத்தாலும் அது அழியாது. மனிதனுக்கு வந்ததாக இதுவரை உறுதியாகவில்லை. இருந்தாலும் கழுத்து நிணநீர்க்கட்டியை எடுத்துக் கொடுத்தால் அரசாங்கம் இலவசமாகப் பார்த்துச் சொல்கிறது, அதற்கும் சோம்பல்படுகிற ஆட்களை எனக்குப் புரியவில்லை. ஒரே இடத்தில் தீனி கொட்டி மான்களைக் கூட்டினால் நோய் பரவும். அப்படிக் கொட்டி வைத்து சுடுவதை நான் வேட்டை என்றே சொல்லமாட்டேன்.

போன வாரம் சித்தி வீட்டில், உயிரோடு இருந்த நண்டை உடைத்துக்கொண்டே சித்தி கேட்டார்: "பாவம்டா, மானைப் போய் எப்படிடா சுட மனசு வருது?" நண்டைப் பார்த்தேன், ஒன்றும் பேசவில்லை. சித்தி சொல்வதும் முழுக்கத் தப்பு இல்லை. மான் கண் பெரிது, நண்டுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஒவ்வொரு முறையும் அந்தக் கண்ணை மூடிவிட முடியாது, திறந்தேதான் இருக்கும், அதைப் பார்த்துக்கொண்டுதான் குடல் எடுக்கிறேன். பழகவில்லை, பழகினால் நிறுத்திவிடுவேன் என்று நினைக்கிறேன்.

சித்தி பையன் கேட்டது வேறு. கிண்டியில் வேலிக்குள் அத்தனை மான் இருக்கிறதே, அங்கே மாதிரி இங்கேயும் சீட்டுக் கொடுத்தால் என்ன என்றான். கூடாது. கிண்டி தேசியப் பூங்கா மொத்தமே 2.7 சதுர கிலோமீட்டர், அதைச் சுற்றி ஊர், துப்பாக்கிக் குண்டு எங்கே போய் நிற்கும்? முதுமலைப் பக்கம் போனால் புலியும் செந்நாயும் மானை நம்பித்தான் இருக்கின்றன, அவற்றின் சோற்றில் நாம் கைவைக்க முடியாது. அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் சந்தைக்கு விற்கவென்று சுட்டுச் சுட்டு, 1900 வாக்கில் நாடு முழுக்க வெள்ளைவால் மான் 5 லட்சம் அளவுக்குக் குறைந்துவிட்டது. காட்டு மான் கறியை விற்கக்கூடாது என்று நிறுத்தி, சீசனும் சீட்டும் வைத்த பிறகு இன்று 3 கோடிப் பக்கம். 1937இல் போட்ட ஒரு சட்டப்படி ரைஃபிள், தோட்டா மேல் வாங்கும் வரி, இப்போது 11 சதவீதம், காட்டுக்கும் விலங்குக்கும் போகிறது. ஓநாயை ஏறக்குறைய ஒழித்துவிட்டார்கள், அதனால் மான் பெருகி ரோட்டில் காரில் மோதிச் சாகிறது. ஓநாய் திரும்ப வந்திருக்கிறது இப்போது, எங்கள் மானைத் தின்கிறது என்று அங்கே வேட்டைக்காரர்களே புலம்புகிறார்கள். எனக்கு அதில் கோபம் இல்லை. ஓநாய்க்கு 9 நாள் சீசன் கிடையாது, ஆரஞ்சுச் சட்டையும் கிடையாது.

நேரம் ஆகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி கை காட்டுகிறார். வரும் நவம்பரிலும் லீவு கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கிடைக்குமா என்று அம்மா கேட்டார். கிடைக்கும் அம்மா. கையெழுத்துப் போட வேண்டிய மேலாளர் அந்தச் சனிக்கிழமை காலை 5 மணிக்கு வேறொரு மரத்தில் ஏறிக்கொண்டிருப்பார்.