மார்கன் கடத்தலும் மார்மன் வேதமும்

நண்பர்களே,

மார்மன் புத்தகம் மார்மன் மதத்தினரின் வேதம். அவர்களின் நிறுவனர் ஜோசப் ஸ்மித் அதை ஒரு பழைய ஏட்டிலிருந்து மொழிபெயர்த்தார் என்பது விசுவாசிகளின் நம்பிக்கை; அவரே இயற்றினார் என்பது மறுப்பவர்களின் வாதம். அதன் பிறப்பைப் பற்றிய இந்த விவாதத்தில் இரகசியச் சங்கங்கள் நுழைந்ததற்கு ஓர் ஆள்கடத்தல் காரணம். நியூயார்க் மாநிலத்தின் பட்டேவியா ஊரில் வாழ்ந்த வில்லியம் மார்கன், ஃப்ரீமேசன்கள் (மேசன்கள்) என்ற இரகசியச் சகோதரச் சங்கத்தாரின் சடங்குகளை அச்சில் வெளியிடப் போவதாக அறிவித்தார். 1826 செப்டம்பரில் ஒரு சிறு கடனைக் காட்டி அவரைக் கனன்டைகுவா சிறையில் அடைத்தார்கள். பிறகு அந்தக் கடனைக் கட்டி அவரை வெளியே எடுத்து, வண்டியில் ஏற்றி நயாகரா பக்கம் கொண்டு போனார்கள். அதோடு ஆள் காணவில்லை. கடத்தியவர்களுக்குக் கிடைத்ததோ சொற்பத் தண்டனை. நீதித்துறையே மேசன்கள் கையில் இருக்கிறது என்று மக்கள் கொதித்தார்கள். அந்தக் கோபம் ஒரு கட்சியாகவே உருவெடுத்து, 1832 அதிபர் தேர்தலில் வெர்மான்ட் மாநிலத்தை வென்றது.

ஜோசப் ஸ்மித் வளர்ந்த பல்மைரா, கனன்டைகுவாவுக்குப் பக்கத்து ஊர். மார்மன் புத்தகத்தின் பெரும்பகுதியை 1829 ஏப்ரல் முதல் ஜூன் வரை அவர் சொல்லச் சொல்ல ஆலிவர் கவுடரி எழுதினார். 1830 மார்ச்சில் அது அச்சாகி வந்தது. அதில் காதியாந்தன் கொள்ளையர் என்றொரு கூட்டம் வருகிறது. இரகசிய ஆணை, அடையாளக் குறி, கொலை செய்தவனையும் காப்பாற்றும் ஒப்பந்தம், நீதி இருக்கையைக் கைப்பற்றும் சூழ்ச்சி எல்லாம் அவர்களிடம் உண்டு. இடுப்பில் ஆட்டுத்தோல்கூட! மேசன்கள் அணிவதும் ஆட்டுத்தோல் ஏப்ரன்தான். கிறிஸ்தவப் போதகர் அலெக்சாண்டர் கேம்ப்பெல் 1831-லேயே இதைச் சுட்டிக்காட்டினார்: நியூயார்க்கில் அப்போது நடந்த சர்ச்சைகள் அத்தனைக்கும் இந்தப் புத்தகம் தீர்ப்புச் சொல்கிறது, ஃப்ரீமேசன் விவகாரமும் அதில் அடக்கம் என்றார். அந்தக் கொள்ளையர் மேசன்களின் சாயல்தான் என்ற இந்த வாதத்தை நம் காலத்தில் ஆய்வாளர் டான் வோகல் விரிவாக எடுத்துவைத்தார். மார்மன் அறிஞர் டேனியல் பீட்டர்சன் மறுத்தார்.

இதைச் சோதிக்க விரும்புகிறவர்கள் மார்மன் புத்தகத்தில் ஏலமன் 2, 6, மூன்றாம் நேபி 4, ஏத்தேர் 8 ஆகிய அதிகாரங்களை ஒரே அமர்வில் படியுங்கள். பொருந்துவதை ஒரு பக்கமும் பொருந்தாததை மறுபக்கமும் எழுதுங்கள். பலரும் முதல் பக்கத்தை நிரப்பியதுமே பேனாவை மூடிவிடுகிறார்கள். பொருந்தாததைப் பாருங்கள்: மேசன்கள் கூடும் லாட்ஜ் இல்லை, படிநிலைப் பட்டங்கள் இல்லை, மேசன் சடங்கின் உயிரான, சாலமோன் கோயிலைக் கட்டிய ஹீராம் கொலையுண்ட கதை இல்லை. அந்த ஆட்டுத்தோலும் இரத்தத்தில் தோய்த்தது, மேசன்களுடையது வெள்ளை. காதியாந்தன் கூட்டமோ மலையில் பதுங்கி ஊர்களைச் சூறையாடுகிற படை.

இன்னொரு பிழை, காலத்தைப் பின்னோக்கி இழுப்பது. ஸ்மித் மேசனாகச் சேர்ந்தது 1842 மார்ச்சில், இல்லினாய் மாநிலத்தின் நாவூ நகரில். மார்மன் கோயில் சடங்கை அறிமுகப்படுத்தியது அதே ஆண்டு மே மாதம். அந்தச் சடங்குக்கும் மேசன் சடங்குக்கும் உள்ள உறவு பெரிய விஷயம்தான். ஆனால் 1829-இல் சொல்லி எழுதிய நூலுக்கு அது சாட்சியாகாது.

மார்கன் விவகாரத்தின் சூடு அந்தப் பக்கங்களின் மொழியில் ஏறியிருக்கிறது என்றே நான் கருதுகிறேன். ஆனால் முழு நூலின் மூலத்தை அது தீர்மானிக்காது. ஸ்மித் பழைய ஏட்டைத் தன் காலத்து ஆங்கிலத்தில் பெயர்த்தார் என்று விசுவாசிகளும் சொல்லலாமே!

பிறப்பைத் தேடுகிறவர்கள் கையெழுத்துப் பிரதிக்குப் போக வேண்டும். மூலப் பிரதியை 1841-இல் நாவூ இல்லம் என்ற விடுதிக் கட்டடத்தின் மூலைக்கல்லுக்குள் வைத்தார்கள். 1882-இல் கல்லைத் திறந்தபோது ஈரம் அதைத் தின்றிருந்தது. இன்று எஞ்சியிருப்பது சுமார் 28 விழுக்காடு. அதில் ஏலமன் முதல் அதிகாரத்தைப் பாருங்கள். கோரியாந்தமர் என்ற பெயரைக் கவுடரி காதில் விழுந்தபடி எழுதி, அடித்துவிட்டு, யாராலும் ஊகிக்க முடியாத எழுத்துக்கூட்டலில் திருத்தியிருக்கிறார். வாயால் சொல்லி எழுதப்பட்டது, கடினமான பெயர்கள் எழுத்தெழுத்தாகச் சொல்லப்பட்டன என்பதற்கு அந்த ஓர் அடித்தல் வலுவான சான்று.