ஸ்டார் எரியட்டும், பல்பை மாற்றுங்கள்

(நாகர்கோவில் பக்கம் ஒரு பங்கில், கிறிஸ்துமஸுக்கு முன்பான திருவருகைக் காலத் தொடக்கத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பங்குத்தந்தை அவர்களே, பெரியவர்களே, தாய்மார்களே, ஏணியும் கயிறுமாக நிற்கிற தம்பிமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

என் கையில் இருக்கும் இந்தப் பேப்பர் ஸ்டார் போன வருடம் என் அக்கா வீட்டு வாசலில் தொங்கியது. அதன் உள்பக்கத்தை முன் வரிசையில் இருப்பவர்கள் பாருங்கள். ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பழுப்பு வட்டம் தெரிகிறதா? அங்கே தொட்டால் காகிதம் பொடியாக உதிர்கிறது. உள்ளே இருந்தது 60 வாட் குண்டு பல்பு. அந்தப் பல்பு எடுக்கும் மின்சாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் சூடாகத்தான் போகும், மிச்சம்தான் வெளிச்சம். கயிறு கொஞ்சம் நழுவி, பல்பு காகிதத்தோடு ஒட்டி நின்றிருக்கிறது. அதுதான் இந்த வட்டம்.

ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவில் பாடம் நடத்தியவன் நான். இதைப் பார்த்துவிட்டு சும்மா வர மனசு வரவில்லை. அன்று ராத்திரியே அக்கா வீட்டில் ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஸ்டாரை மட்டும் போட்டோம். நானும் அக்கா பேத்தியும் டார்ச்சோடு மீட்டர் முன்னால் நின்றோம்.

மீட்டரில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு மினுங்குமே, கவனித்திருப்பீர்கள். அது ஒரு யூனிட்டுக்கு எத்தனை தடவை மினுங்கும் என்று மீட்டரிலேயே அச்சடித்திருக்கும். அக்கா வீட்டு மீட்டரில் 3200. வேறு மீட்டரில் இந்த எண் வேறாக இருக்கலாம். 60 வாட் பல்பு எரிந்தபோது ஏறக்குறைய 19 விநாடிக்கு ஒருமுறை மினுங்கியது. அப்புறம் அந்தப் பல்பைக் கழற்றிவிட்டு 9 வாட் எல்.இ.டி. பல்பு போட்டேன். ஒரு நிமிடம் ஆயிற்று, ஒன்றரை நிமிடம் ஆயிற்று, மினுங்கவே இல்லை. "தாத்தா, மீட்டர் நின்னு போச்சா?" என்று பிள்ளை கேட்டாள். இரண்டு நிமிடம் தாண்டித்தான் ஒரு மினுக்கு வந்தது. திரும்பிப் பார்த்தால் வாசலில் வெளிச்சம் துளிகூடக் குறையவில்லை.

சரி, இதைக் காசாகப் பார்ப்போம். வாட்டை மணியால் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் யூனிட். நம் ஊரில் டிசம்பர் 1 அன்று ஸ்டார் ஏறினால் மூன்று அரசர்கள் திருநாளான ஜனவரி 6 வரை இறங்காது. மொத்தம் 37 நாள். சாயங்காலம் ஆறு முதல் காலை ஆறு வரை எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்கா வீட்டில் ஸ்டார் 60 வாட், கிறிஸ்து பிறப்புக் குடிலுக்குள் 40 வாட் பல்பு, முன்பக்கம் 40 வாட் அரிசி பல்பு சீரியல் செட் இரண்டு. ஆக 180 வாட். இது 37 நாளில் 80 யூனிட் இழுக்கும்.

இந்த 80 யூனிட்டுக்கு என்ன விலை? எல்லா வீட்டுக்கும் ஒரே விலை இல்லை. இரண்டு மாதத்துக்கு 60 யூனிட் மட்டும் ஓடுகிற சின்ன வீடு என்றால், முதல் 100 யூனிட் இலவசம். 9 வாட் பல்பு போட்ட ஸ்டார் 37 நாளும் விடிய விடிய எரிந்தாலும் 4 யூனிட்தான், அவர்களுக்கு ஒரு பைசா செலவில்லை. ஆகவே, ஓட்டு வீட்டு வாசலில் தொங்கும் ஸ்டாரைப் பார்த்து "வீண் செலவு" என்று யாரும் சொல்லாதீர்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது.

அடி விழுவது 500 யூனிட்டை ஒட்டி நிற்கிற வீடுகளுக்கு. 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை வைத்துச் சொல்கிறேன், அதற்குப் பிறகு இன்னும் கொஞ்சம் ஏறித்தான் இருக்கிறது. இரண்டு மாதக் கணக்கு 500-க்குள் நின்றால் 101 முதல் 200 வரையான யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு. 501 ஆகிவிட்டால் அதே நூறு யூனிட்டுக்கு 4 ரூபாய் 50 காசு. கோட்டைத் தாண்டிய அந்த ஒரு யூனிட்டுக்காக மட்டும் 225 ரூபாய் கூடுகிறது. அக்கா வீட்டில் சாதாரணமாக 440 யூனிட் ஓடும், பில் 1,365 ரூபாய். இந்த 80 யூனிட்டும் ஒரே கணக்கில் விழுந்தால் 520 யூனிட், பில் 2,110 ரூபாய். அலங்கார விளக்குக்கு மட்டும் 745 ரூபாய்!

இதே அலங்காரத்தை எல்.இ.டி.யில் செய்து பார்ப்போம். ஸ்டார் 9 வாட், குடிலுக்கு 10 வாட், சீரியல் செட் இரண்டும் சேர்ந்து 16 வாட், மொத்தம் 35. ஆறு மணிக்குப் போட்டு பதினொரு மணிக்கு அணைத்தால் 37 நாளைக்கும் ஆறரை யூனிட். அக்கா வீட்டுப் பில்லில் கூடுவது 39 ரூபாய். அணைக்க மறந்துபோகும் என்றால் கடையில் டைமர் சாக்கெட் கிடைக்கிறது, ஒருமுறை வாங்கினால் பல வருடம் வரும். 24-ஆம் தேதி ராத்திரி மட்டும் டைமரைக் கழற்றி வையுங்கள். நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வரும்போது தெரு முழுக்க எரிய வேண்டும், அன்று கணக்குப் பார்க்க வேண்டாம்.

இந்த விளக்கு நம் கைக்கு எட்டும் விலையில் வந்ததே ஒரு பெரிய காரியம். 1882-இல் நியூயார்க்கில் எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன் 80 மின்விளக்குகளைக் கையாலேயே கோத்து வீட்டுக் கிறிஸ்துமஸ் மரத்தில் போட்டார். அப்போது அது பணக்காரர் வீட்டு அதிசயம். எல்.இ.டி.யில் சிவப்பும் பச்சையும் முதலில் வந்துவிட்டன, நீலம்தான் பல வருடம் பிடிகொடுக்கவில்லை. நீலம் இல்லாமல் வெள்ளை வெளிச்சம் கிடைக்காது. அதைச் சாதித்த அகசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கொடுத்தார்கள். உங்கள் குடிலில் எரிகிற வெள்ளை விளக்குக்குப் பின்னால் அவர்கள் உழைப்பு இருக்கிறது.

ஆனால் ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. "எல்.இ.டி.தானே, கரண்டு ஆகாது" என்று குடிலுக்கு மேலே 50 வாட் ஃபோகஸ் லைட் ஒன்றைக் கட்டி விடிய விடிய விடுகிறார்கள். கணக்குப் போடுங்கள், 37 நாளைக்கு 22 யூனிட். பழைய குண்டு பல்பு ஸ்டார் எடுத்ததற்குக் கிட்டத்தட்ட சமம். எல்.இ.டி.யாக இருந்தாலும் அட்டையில் போட்டிருக்கும் வாட்டைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

இன்னொன்றும் என் மனதில் கிடக்கிறது. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் வழியாகப் போகும்போது பாருங்கள். ஆடிக் காற்றில் விர்ரென்று சுற்றிய காற்றாலைகள் டிசம்பரில் ஓய்ந்து நிற்கும். நம் காற்று சீசன் மே மாதம் தொடங்கி செப்டம்பர், அக்டோபரோடு முடிந்துவிடுகிறது. பொழுது சாய்ந்த பின் சூரிய மின்சாரமும் இல்லை. ஸ்டார் எரிகிற நேரத்து மின்சாரத்தில் பெரும்பங்கு தூத்துக்குடி மாதிரி அனல்மின் நிலையங்களில் நிலக்கரி எரித்து வருவது. ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 700 கிராம் நிலக்கரி. அப்படியானால் 80 யூனிட்டுக்கு 56 கிலோ, ஒரு பெரிய மூட்டை. ஆறரை யூனிட்டுக்கு ஒரு கைப்பையில் அடங்கும்.

கட்டப் போகிற தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. மழை இன்னும் விடவில்லை. வயர் ஜாயின்ட் வெளியில் நனையும்படி இருக்கக் கூடாது. வீட்டில் இ.எல்.சி.பி., அதாவது மின்கசிவு வந்தால் கரண்டைத் தானே துண்டிக்கும் சுவிட்ச், இருந்தால் அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள், உடனே விழ வேண்டும். விழவில்லை என்றால் அது வேலை செய்யவில்லை, மாற்றிவிட்டுத்தான் விளக்கு கட்ட வேண்டும்.

வீட்டிலிருந்து ஸ்டாரும் சீரியல் செட்டும் கொண்டு வரச் சொல்லியிருந்தேன், நிறையப் பேர் கொண்டு வந்திருக்கிறீர்கள், சந்தோஷம். மேசைமேல் ஒரு மீட்டரும் பிளக் பாயிண்டும் வைத்திருக்கிறேன். ஒவ்வொருவராக வாருங்கள். உங்கள் விளக்கு எத்தனை விநாடிக்கு ஒருமுறை மினுங்குகிறது என்று எண்ணிப் பார்த்துவிடுவோம்.