சாமுவேல்: கேட்டது யார், கேட்டவர் யார்?

எல்லாருக்கும் வணக்கம். வெளியே நல்ல மழை. நடுவில் அந்தச் சத்தம் வந்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று ஒரே ஒரு பெயரைப் பற்றித்தான் பேசப்போகிறேன். சாமுவேல்.

போன மாதம் என் அக்கா மகனுக்கு ஞானஸ்நானம். பெயர் சாமுவேல். அழைப்பிதழ் அடிக்கிற வேலை என் பொறுப்பு. பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் அர்த்தத்தையும் போட்டேன்: 'தேவன் கேட்டார்'. சண்டே ஸ்கூலில் அப்படித்தான் படித்திருந்தேன். அட்டை வந்த அன்று அக்காவின் மூத்த மகள், ஆறு வயது, எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். "மாமா, கடவுள் என்ன கேட்டார்?"

நான் 'செவிகொடுத்தார்' என்ற பொருளில் போட்டிருந்தேன். அவள் 'எனக்கு இது வேண்டும் என்று கேட்டார்' என்று எடுத்துக்கொண்டாள். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தானே! அன்று இரவு 1 சாமுவேல் முதலாம் அதிகாரத்தைத் திறந்து உட்கார்ந்தேன். இன்னும் அதை மூட மனம் வரவில்லை.

கதை உங்களுக்குத் தெரியும். எல்க்கானாவுக்கு இரண்டு மனைவிகள். பெனின்னாளுக்குப் பிள்ளைகள் உண்டு, அன்னாளுக்கு இல்லை. வருஷந்தோறும் ஆலயம் இருந்த சீலோவுக்குப் போவார்கள், போகிற இடத்திலெல்லாம் பெனின்னாள் குத்திப் பேசுவாள். ஒரு வருஷம் அன்னாள் தாங்கமாட்டாமல் எழுந்துபோய் ஆலயத்தில் அழுது ஜெபிக்கிறாள். பிள்ளை பிறக்கிறது. 20ஆம் வசனம் இப்படிச் சொல்கிறது: "கர்த்தரிடத்தில் அவனைக் கேட்டேன் என்று சொல்லி, அவனுக்குச் சாமுவேல் என்று பேரிட்டாள்."

கவனித்தீர்களா? 'தேவன் கேட்டார்' என்று அவள் சொல்லவில்லை. 'நான் கேட்டேன்' என்கிறாள். செவியால் கேட்பது இல்லை இது, வாய்விட்டு வேண்டிக் கேட்பது.

சரி, இந்தத் தாளைக் கேமராவுக்குக் கிட்டே கொண்டுவருகிறேன். சாமுவேல் என்ற பெயரை எபிரெயத்தில் எழுதியிருக்கிறேன், வலமிருந்து இடமாக. ஐந்து எழுத்துகள்: ஷீன், மேம், வாவ், ஆலெப், லாமேத். உச்சரிப்பு 'ஷ்முவேல்'. முதல் இரண்டு எழுத்தைச் சேர்த்தால் 'ஷேம்', அதாவது பெயர். கடைசி இரண்டு 'ஏல்', தேவன். ஆகவே 'தேவனுடைய நாமம்' அல்லது 'அவர் நாமம் ஏல்' என்பதுதான் எழுத்துப்படி நெருக்கமான பொருள்.

'தேவன் கேட்டார்' என்ற பொருள் வர வேண்டுமானால் 'ஷமா' என்ற சொல் உள்ளே இருக்க வேண்டும். காதால் கேட்பதற்கான சொல் அது. ஷீன், மேம், ஆயின் என்று மூன்று எழுத்து. சங்கீதம் 119 எபிரெய எழுத்து வரிசையில் 22 பகுதியாகப் பிரிந்திருக்கிறது அல்லவா, அதில் 16ஆம் பகுதி ஆயின். அந்த ஆயின் இந்தப் பெயரில் இல்லை. அந்தப் பொருளைத் தெளிவாகச் சுமக்கிற பெயர் வேறு ஒன்று: இஸ்மவேல். ஆதியாகமம் 16இல் ஆகார் வனாந்தரத்தில் தவித்து நிற்கும்போது, கர்த்தர் உன் அங்கலாய்ப்பைக் கேட்டார், ஆகையால் பிள்ளைக்கு இஸ்மவேல் என்று பேரிடு என்று தூதன் சொல்கிறான்.

அப்படியானால் அன்னாள் சொன்ன 'கேட்டேன்' எங்கே இருக்கிறது? இப்போது சிவப்புப் பேனாவால் வட்டம் போடுகிறேன், பாருங்கள். முதல் எழுத்து ஷீன், நான்காவது ஆலெப், ஐந்தாவது லாமேத். மூன்றையும் சேர்த்தால் 'ஷாஅல்'. வேண்டிக் கேட்பதற்கு எபிரெயத்தில் உள்ள சொல் அதுதான்! பெயருக்குள்ளேயே அவள் விண்ணப்பம் ஒளிந்திருக்கிறது. வேதாகமத்தில் பெற்றோர் சொல்கிற பெயர்க்காரணங்கள் பலவும் இப்படி ஓசையைப் பிடித்துக்கொண்டு வருபவை. இலக்கணத்தை வைத்துக்கொண்டு இதைத் தப்பு என்று தள்ளுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. பேரிட்டவள் தாய். அவள் காதில் என்ன ஒலித்ததோ அதற்கு முதல் மரியாதை கொடுக்க வேண்டும்.

17ஆம் வசனத்திலிருந்து 28 வரை எண்ணிப் பாருங்கள். இந்த ஷாஅல் வேர் ஏழு தடவை வருகிறது. ஆலயத்து ஆசாரியன் ஏலி அவளுக்குச் சொல்கிற ஆசீர்வாதத்தில் இரண்டு, பேரிடும்போது ஒன்று, நேர்ந்துகொண்டபடி பிள்ளையை ஆலயத்தில் கொண்டுவந்து விடும்போது நான்கு. கடைசி இடம்தான் என்னை நிறுத்தி வைத்தது. 28ஆம் வசனத்தில் 'கர்த்தருக்கென்று கேட்கப்பட்டவன்' என்று நம் வேதாகமத்தில் வருகிற இடத்தில் எபிரெயத்தில் இருக்கிற சொல் 'ஷாவூல்'. அது யாருடைய பெயர்? சவுல்! பின்னால் வரப்போகிற ராஜாவின் பெயரை, எழுத்து மாறாமல், அன்னாள் தன் மகனைப் பற்றிச் சொல்லிவிடுகிறாள். இது முதலில் சவுலின் பிறப்புக் கதையாக இருந்திருக்கும் என்று சில ஆய்வாளர்கள் கருதுவதற்கும் இதுதான் காரணம். நான் அப்படி நினைக்கவில்லை. இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லி, எழுதியவர் வேண்டுமென்றே போட்ட முடிச்சு என்றே தோன்றுகிறது.

அப்புறம் 13ஆம் வசனம். "அவளுடைய உதடுகள்மாத்திரம் அசைந்தது, அவள் சத்தமோ கேட்கப்படவில்லை." இங்கே வருவது ஷமா. ஆசாரியன் ஏலி எதிரே உட்கார்ந்திருக்கிறார். அவருக்குக் கேட்கவில்லை. வெறித்திருக்கிறாள், குடித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று நினைக்கிறார். இந்த வசனத்தை வைத்துத்தான், ஜெபிக்கிறவர் உதடு அசைய வேண்டும், சத்தம் வெளியே வரக்கூடாது என்று யூதர்களின் மரபு நூலான தல்மூத் சொல்கிறது. ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தவள் அன்னாள் என்று யூத ரபிமார் மதிக்கிறார்கள். யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானாவின் முதல் நாளில் ஜெப ஆலயங்களில் இந்த அதிகாரத்தைத்தான் வாசிக்கிறார்கள். குடிகாரி என்று நினைக்கப்பட்ட பெண்ணின் ஜெபம்!

மூன்றாம் அதிகாரத்துக்கு வாருங்கள். பையன் ஆலயத்தில் படுத்திருக்கிறான். யாரோ கூப்பிடுகிறார்கள். மூன்று தடவை எழுந்து ஏலியிடம் ஓடுகிறான். நான்காவது தடவைதான் "சொல்லும், அடியேன் கேட்கிறேன்" என்கிறான். இது ஷமா. அம்மா 'கேட்டேன்' என்றாள், அது ஷாஅல். மகன் 'கேட்கிறேன்' என்கிறான், இது ஷமா. எபிரெயத்தில் இரண்டு வேர். தமிழ் வேதாகமத்தில் இரண்டும் ஒரே வினை. இது நம் மொழியில் வாசிக்கிறவர்களுக்குக் கிடைக்கிற ஒன்று. என் அக்கா மகள் தடுமாறியதும் அங்கேதான். அவள் தடுமாறியிருக்காவிட்டால் எனக்கு இது தெரிந்தே இருக்காது.

இன்னொன்றும் உண்டு. 'சொன்ன பேச்சைக் கேள்' என்று வீட்டில் சொல்கிறோமே, கீழ்ப்படிவது, அதற்கும் கேள்தான். எபிரெயத்தில் ஷமாவுக்கும் அந்தப் பொருள் இருக்கிறது. 15ஆம் அதிகாரத்தில் சவுல், கர்த்தர் சொன்னதைச் செய்யாமல் நல்ல ஆடுமாடுகளைத் தப்பவைத்து, பலியிடத்தான் என்று சமாதானம் சொல்கிறான். பலியைவிடக் கீழ்ப்படிதல் உத்தமம் என்று சாமுவேல் பதில் சொல்கிறார். மூலத்தில் அந்தக் 'கீழ்ப்படிதல்' ஷமாதான்.

சவுலை நினைத்தால் எனக்குத் துக்கமாக இருக்கிறது. ஒரு ராஜா வேண்டும் என்று ஜனங்கள் கேட்டுக் கிடைத்தவன் அவன். 28ஆம் அதிகாரத்தில் பெலிஸ்தர் பாளயத்தைக் கண்டு பயந்து கர்த்தரிடத்தில் விசாரிக்கிறான். எபிரெயத்தில் 'வயிஷ்அல் ஷாவூல்', கேட்கப்பட்டவன் கேட்டான். மறுஉத்தரவு வரவில்லை. இறந்துபோன சாமுவேலை எழுப்பச் சொல்லி எந்தோரில் இருக்கும் பெண்ணிடம் போகிறான். சாமுவேல் கேட்கிற கேள்வி: "நீ என்னிடத்தில் கேட்பானேன்?" அதுவும் ஷாஅல்.

அந்த இடத்தில் சாமுவேலை அடையாளம் காட்டுவது அவர் போர்த்தியிருக்கிற சால்வை. மூலத்தில் அதற்கு 'மெயீல்' என்று பெயர். அன்னாள் ஆண்டுதோறும் சீலோவுக்குத் தைத்துக் கொண்டுபோன சின்னச் சட்டைக்கும் அதே சொல்தான். வருஷத்துக்கு ஒரு தடவைதான் பிள்ளையைப் பார்க்கிறாள். ஒரு வருஷத்தில் எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று மனதுக்குள்ளேயே அளவெடுத்து அவள் தைத்திருக்க வேண்டும். நான் வெகுநேரம் அந்த வசனத்திலேயே இருந்தேன்.

அழைப்பிதழ்களை எல்லாருக்கும் கொடுத்தாயிற்று, அதை மாற்ற முடியாது. ஞானஸ்நான ஆல்பத்தின் முதல் பக்கத்தில் எழுதித் தரச் சொல்லி அக்கா கேட்டிருக்கிறாள். 1 சாமுவேல் 1:27ஐ எழுதப்போகிறேன்: "இந்தப் பிள்ளைக்காக விண்ணப்பம்பண்ணினேன்." அதற்கு மேலே அந்த ஐந்து எழுத்துகளையும் வரைந்து, மூன்றுக்குச் சிவப்பு வட்டம் போடுவது பெரியவளின் வேலை. தாளில் இப்போதே பழகிக்கொண்டிருக்கிறாள்.