14வது நிமிடத்தில் எழுந்து நிற்கிறவர்கள்

வணக்கம் நேயர்களே. கால்பந்தைப் பற்றி ஏதாவது பேசுங்கள் என்று கூப்பிட்டபோது கோல், கோப்பை, யார் எந்த அணிக்கு எத்தனை கோடிக்குப் போகிறார், இதைத்தான் பேசலாம் என்று நினைத்தேன். ஆனால் போன மாதம் ஒரு துக்க வீட்டுக்குப் போய்வந்தேன். நாங்கள் பையன்களாக இருந்தபோது கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை கட்டுகிற வரைக்கும் யார் பெயரைக் கத்தினோமோ அந்த விங்கர், அதாவது கோட்டோரமாகப் பந்தை எடுத்துக்கொண்டு ஓடுகிற ஆட்டக்காரர், அவர் விளையாட்டை விட்டே 30 வருடத்துக்கு மேல் ஆகிறது, அவர் போய்விட்டார். பெயரைச் சொல்லவில்லை, வீட்டாரிடம் கேட்கவில்லை. அங்கே பார்த்த ஒன்றைக் கடைசியில் சொல்கிறேன். அது மனதிலேயே நிற்பதால், ரசிகர்கள் தங்கள் பழைய வீரரை எப்படி நினைக்கிறார்கள் என்பதைப் பற்றியே இன்றைக்குப் பேசிவிடுகிறேன்.

2016 மார்ச் 24ஆம் தேதி நெதர்லாந்தின் பெரிய ஆட்டக்காரர் யோஹான் க்ராய்ஃப் இறந்தார். மறுநாளே ஆம்ஸ்டர்டாமில் நெதர்லாந்துக்கும் பிரான்சுக்கும் ஆட்டம். ஆட்டம் தொடங்கியது, பந்து ஓடிக்கொண்டிருந்தது, 14வது நிமிடம் வந்ததும் எல்லாம் நின்றுவிட்டது. வீரர்கள் நின்ற இடத்திலேயே நின்று கைதட்டினார்கள், அரங்கம் முழுக்க எழுந்து தட்டியது. ஏன் 14 என்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் ஜெர்சி எண் அது. அந்தக் காலத்தில் முதல் 11 பேரும் 1 முதல் 11 வரைதான் போடுவார்கள், 14 என்பது உட்கார்ந்திருக்கிற மாற்று வீரரின் எண். ஒரு நாள் சக வீரர் ஒருவரின் சட்டை கிடைக்காமல் போக, அவருக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டு கூடையில் கைக்குக் கிடைத்த 14ஐ இவர் போட்டுக்கொண்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். கதையை ஆளுக்கு ஒரு மாதிரி சொல்வார்கள், அதை விடுங்கள். அவர் ஆடிய அயாக்ஸ் அணி 2007இல் அந்த எண்ணையே யாருக்கும் கொடுப்பதில்லை என்று எடுத்து வைத்துவிட்டது.

எனக்கு இந்த நிமிடக் கணக்கு ரொம்பப் பிடிக்கும். ஆட்டத்துக்கு முன்னால் வரிசையாக நின்று ஒரு நிமிடம் மௌனம் என்பது சங்கம் ஏற்பாடு செய்கிற மரியாதை, யாருக்கு வேண்டுமானாலும் செய்யலாம், அமைச்சருக்கும் செய்வார்கள். 14வது நிமிடத்தில் எழுந்து நிற்க வேண்டுமென்றால் அவர் முதுகில் என்ன எண் இருந்தது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதுவரைக்கும் ஒரு கண் பந்திலும் ஒரு கண் கடிகாரத்திலும் இருக்க வேண்டும். இத்தாலியின் ஃபியோரெண்டினா அணி கேப்டன் தாவிதே அஸ்தோரி 2018 மார்ச்சில் 31 வயதில் ஹோட்டல் அறையில் தூக்கத்திலேயே போய்விட்டார். அடுத்த ஆட்டத்தில் 13வது நிமிடத்தில் பந்தை நிறுத்தினார்கள், அவர் எண் 13. அப்புறம் அந்த ஆட்டத்தின் ஒரே கோலை அடித்தவர் விட்டோர் ஹியூகோ, அவர் முதுகில் இருந்த எண் 31. திருப்பிப் போட்டால் 13. அவர் ஓடிப்போய் அஸ்தோரி படம் போட்ட பனியனை விரித்துப் பிடித்து, அதைப் பார்த்து சல்யூட் அடித்தார். இதையெல்லாம் யாரும் எழுதி வைத்து நடத்த முடியாது. 2025 ஜூலையில் லிவர்பூல் அணியின் தியோகோ ஜோட்டா கார் விபத்தில் இறந்த பிறகு, அந்த அணி ரசிகர்கள் 20வது நிமிடத்தில், அவர் எண் 20, அவரைப் பற்றிய பாட்டைப் பாட ஆரம்பித்தார்கள். அவர் பழைய வீரர்கூட இல்லை, 28 வயது.

மௌனமா கைதட்டலா என்று ஒரு சண்டை உண்டு. இங்கிலாந்தில் 2005இல் பழைய வீரர் ஜார்ஜ் பெஸ்ட் இறந்தபோது பல அரங்கங்களில் மௌனத்துக்குப் பதில் கைதட்டினார்கள், அதிலிருந்து அது பரவிவிட்டது. காரணம் கொஞ்சம் சங்கடமானது. மௌனத்தை ஒரே ஒரு ஆள் கெடுத்துவிடலாம், எதிரணிப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தால் போதும், அப்புறம் அந்த நாளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்தக் குரல்தான் ஞாபகம் வரும். கைதட்டினால் அது அமுங்கிப்போகும். நான் கைதட்டல் கட்சி. அந்த ஆளுக்கு வாழ்நாள் முழுக்க நாம் கொடுத்தது சத்தம்தானே, கடைசி நாளில் மட்டும் எதற்கு வாயை மூடிக்கொள்வது?

எதிரணி என்றதும் போர்ச்சுகலின் யூசேபியோ ஞாபகம் வருகிறார். 2014 ஜனவரி 5ஆம் தேதி லிஸ்பனில் இறந்தார். தான் ஆடிய பென்ஃபிகா அணியின் அரங்கத்தை ஒரு சுற்று சுற்றிவர வேண்டும் என்பது அவர் ஆசை, அப்படியே பெட்டியைச் சுற்றிக் கொண்டுவந்தார்கள். வெளியே இருந்த அவர் சிலையின் மேல் ரசிகர்கள் தங்கள் கழுத்துத் துண்டுகளைக் கழற்றிக் கழற்றிப் போட்டார்கள், அதில் பென்ஃபிகாவின் சிவப்போடு ஜென்மப் பகை அணிகளின் பச்சையும் நீலமும் கிடந்தன. ஒரு வாரத்தில் போர்ட்டோவோடு ஆட்டம். பென்ஃபிகா வீரர்கள் எல்லோர் முதுகிலும் யூசேபியோ என்ற ஒரே பெயர்.

அவரைப் பற்றிக் கேட்டால் யாரும் மொத்தக் கோல் கணக்கைச் சொல்ல மாட்டார்கள். 1966 உலகக் கோப்பையில் வடகொரியாவிடம் போர்ச்சுகல் 25 நிமிடத்துக்குள் 3-0 என்று பின்தங்கிவிட்டது. யூசேபியோ ஒன்று போட்டார். போட்டுவிட்டு ஆடவில்லை, குதிக்கவில்லை, வலைக்குள் போய்ப் பந்தை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடுக்கோட்டுக்கு ஓடினார், சீக்கிரம் ஆரம்பிங்கடா என்கிற மாதிரி. மொத்தம் 4 கோல் அவருடையது, ஆட்டம் 5-3. அந்த ஓட்டத்தைத்தான் சொல்வார்கள். ரசிகனின் ஞாபகம் இப்படித்தான், கணக்கை மறந்துவிட்டு, ஆள் எப்படி ஓடினான், சாக்ஸை எங்கே இறக்கிவிட்டிருந்தான் என்பதை வைத்துக்கொள்ளும்.

இத்தாலியின் நேப்பிள்ஸ் ஊரில் இன்னொரு விஷயம் சொல்வார்கள். 1987இல் மரடோனா அந்த ஊர் அணிக்கு முதல் லீக் பட்டத்தை வாங்கிக் கொடுத்தபோது, கல்லறைத் தோட்டத்துச் சுவரில் யாரோ எழுதி வைத்தார்களாம், 'எதைத் தவறவிட்டீர்கள் என்று உங்களுக்குத் தெரியவில்லை' என்று. செத்துப்போன ரசிகர்களுக்கு எழுதியது! உயிரோடு இருக்கிறவன் கொண்டாடுகிறபோது அப்பனையும் தாத்தாவையும் நினைத்திருக்கிறான். அந்த ஊரில்தான் 2020 நவம்பர் 25ஆம் தேதி மரடோனா போனதும், கொரோனா என்று ஆட்டத்துக்கு யாரையும் உள்ளே விடாத நேரத்தில், அரங்கத்துக்கு வெளியே கூட்டம் தீப்பந்தங்களோடு நின்றது. சில நாளில் அரங்கத்துக்கே அவர் பெயரை வைத்துவிட்டார்கள்.

அவருடைய போதைப் பழக்கம், 1991இல் விழுந்த 15 மாதத் தடை, இதெல்லாம் நேப்பிள்ஸ்காரர்களுக்குத் தெரியாதா? நம்மைவிட நன்றாகத் தெரியும், அவர்கள் ஊரில் நடந்தது. ஒருவர் இறந்த அன்றைக்கே குறைகளைப் பட்டியல் போடுகிறவர்களையும் எனக்குப் பிடிக்காது, சாமியாக்கிக் கற்பூரம் காட்டுகிறவர்களையும் பிடிக்காது. நெருங்கிய சொந்தக்காரர் செத்தால் எப்படிப் பேசுவோம், 'மனுஷன் குடியிலேயே போனான், ஆனா என்ன மனுஷன்!' என்போம் இல்லையா. அதே தொனிதான் சரி.

இதுவரை சொன்னதற்கெல்லாம் படம் இருக்கிறது, தேடினால் ஃபோனிலேயே பார்க்கலாம். படம் இல்லாதவர்கள் என்ன ஆவார்கள்? துளசிதாஸ் பலராம் என்று ஒருவர், செகந்திராபாத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணிக்கு ஆடியவர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியா ஹங்கேரியிடம் 2-1 என்றுதான் தோற்றது, அந்த ஒரு கோல் பலராமுடையது. பெருவுக்கு எதிராகவும் போட்டார். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய அணியில் பி.கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி, பலராம் மூவரும் இருந்தார்கள். உடம்பு சரியில்லாமல் மறுவருடமே பலராம் ஆட்டத்தை விட்டார், வயது 30கூட ஆகவில்லை. பி.கே. 2020 மார்ச்சில் போனார், சுனி அடுத்த மாதமே, ஊரடங்குக்கு நடுவில். பலராம் 2023 பிப்ரவரியில், 86 வயதில். அவர்கள் ஆட்டத்தை முழுசாகப் பார்க்க இன்றைக்கு வழியில்லை. பார்த்தவர்கள் வாயில் இருப்பதுதான் மிச்சம், அந்த வாய்களும் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகின்றன.

பெலேவுக்கு சாந்தோஸ் அரங்கத்தில் 24 மணி நேரம் வரிசை நின்றது, 2,30,000 பேருக்கு மேல். அதே பிரேசிலில்தான், 1983இல் மரக்கானாவில் கூட்டம் கூட்டமாக வந்து வழியனுப்பிய கரிஞ்சா என்ற விங்கரின் எலும்புகள் எந்தக் குழியில் இருக்கின்றன என்றே உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று 2017இல் செய்தி வந்தது. வளைந்த கால்களோடு எப்போதும் வலப்பக்கமாகத்தான் போவார், எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் யாராலும் தடுக்க முடியாது.

சரி, அந்தத் துக்க வீடு. வாசலில் நாங்கள் ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தோம், எல்லோரும் தலை நரைத்தவர்கள். அரையிறுதியில் அவர் இரண்டு டிஃபெண்டர்களைத் தாண்டியது உள்பக்கமாகவா வெளிப்பக்கமாகவா என்று வாக்குவாதம் வந்துவிட்டது. துக்க வீட்டில் குரலைத் தாழ்த்திக்கொண்டு சண்டை போடுவது ஒரு தனிக் கலை. கூட்டத்தில் மூத்தவர், 70ஐத் தாண்டியவர், முட்டி வலிக்காரர், பேசாமல் போய் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டுவந்து நாலடி இடைவெளியில் வைத்தார். செருப்பைக் கழற்றினார். ஒரு தோளைச் சாய்த்து, இடது பக்கம் போகிற மாதிரி போக்குக் காட்டி, வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு முதல் நாற்காலியைத் தாண்டினார். இரண்டாவதில் கால் இடித்து நாற்காலி சாய்ந்துவிட்டது. உள்ளேயிருந்து வீரரின் மகன் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார்.

பெரியவர் நாற்காலியை நிமிர்த்தி வைத்தார். "அவர் இடிக்கல தம்பி," என்றார்.