காதால் பார்த்த படங்கள்

நேயர்களுக்கு வணக்கம். பிடித்த படங்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டதும் ஒரு பட்டியல் எழுதினேன். எழுதி முடித்துப் பார்த்தால், அதில் பாதிக்கு மேல் நான் முதலில் பார்த்த படங்களே இல்லை, கேட்ட படங்கள். வானொலியில் உட்கார்ந்துகொண்டு இப்படிச் சொன்னால் ஐஸ் வைக்கிறான் என்பீர்கள். இருந்தாலும் விஷயம் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாடு முடிந்த கையோடு திருச்சி வானொலியில் ஒலிச்சித்திரம். மூன்று மணி நேரப் படத்தை ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கித் தருவார்கள். சண்டை போய்விடும், பாட்டில் சரணம் போய்விடும். நடுவில் யாரோ ஓடுவார்கள், கதவு படாரென்று சாத்தும், ஒரு பெண் அலறுவாள். விழுந்தது யார் என்று அடுத்த வசனம் வரும்வரை தெரியாது. அதற்குள் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஆளுக்கு ஒருவரைக் கொன்று முடித்திருப்போம்.

இந்தச் சுருக்கத்தைத் தாங்கும் படம், தாங்காத படம் என்று இரண்டு சாதி உண்டு. ஏ.பி. நாகராஜன் படங்கள் காதுக்கென்றே எடுத்தவை. 1965இல் வந்த ‘திருவிளையாடல்’ வசனம் கல்யாண வீட்டுக் குழாய் ரேடியோவில் ஓடும்போது, பந்தி பரிமாறுகிறவர் சாம்பார் வாளியோடு நின்று தருமியின் அடுத்த வரியை நாகேஷுக்கு முந்திச் சொல்வார். இலையில் உட்கார்ந்திருப்பவர் சிவனாக பதில் சொல்வார். சாம்பார் ஆறிப்போகும். பிறகு 1984இல் ‘விதி’ வந்தது. அதன் நீதிமன்றக் காட்சி கேசட்டாகி டீக்கடை டீக்கடையாக ஓடியதில், படத்தையே பார்க்காதவர்கள்கூட வக்கீலாக வரும் நடிகை சுஜாதாவின் வாதத்தை மூச்சு விடாமல் ஒப்பித்தார்கள்.

தாங்காத படத்துக்கு என் உதாரணம் மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’, 1979. கடைசியில் விஜயன் ஆற்றுக்குள் இறங்குகிறார், ஊர் கரையில் நிற்கிறது. இதை ஒலிச்சித்திரம் ஆக்கினால் என்ன மிஞ்சும்? இத்தனைக்கும் ‘தங்கப்பதக்க’த்தில் சிவாஜிக்கு இடிமுழக்கமாக வசனம் எழுதியவரும் இதே மகேந்திரன்தான். பேச வைக்கத் தெரிந்தவர் என்பதால்தான் பேசாமல் இருக்கவும் அவருக்குத் தைரியம் வந்தது என்று நினைக்கிறேன்.

இன்னொரு காதுவழிப் படமும் உண்டு. அது என் அத்தை சொல்லும் கதை. பாட்டுப் புத்தகம் ஞாபகம் இருக்கிறதா? மெல்லிய தாளில் பாட்டுகள், முதல் பக்கத்தில் கதைச்சுருக்கம். நாயகி ஆபத்தில் மாட்டிய இடத்தில் கதையை நிறுத்தி, ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று போட்டுவிடுவார்கள். அந்த மீதி எங்களுக்கு அத்தையிடம்தான் கிடைக்கும். டவுனில் படம் பார்த்துவிட்டு வந்தால், கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டே சொல்வார். வில்லன் வரும்போது துணி கல்லில் ஓங்கி விழும். “அத்தை, நாகேஷ் என்ன பண்றாரு?” என்று கேட்டால், “இருடா, அவன் வர்றதுக்கு இன்னும் நேரமிருக்கு” என்பார்.

இது நம் ஊரில் பழைய வழக்கம்தான். திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை வாங்கி, கூடாரத்தோடு ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டினார். அந்த ஊமைப்பட காலத்தில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதையை விளக்கிச் சொல்வது உண்டு. அத்தை அந்த வம்சம்.

எங்கள் பக்கத்து டூரிங் கொட்டகையும் முதலில் காதில்தான் விழும். சீர்காழியின் ‘விநாயகனே வினை தீர்ப்பவனே’ வயல் தாண்டிக் கேட்டால் ஓட வேண்டும், டிக்கெட் கொடுக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். தரை டிக்கெட் என்றால் மணல். மணலைக் குவித்து மேடு கட்டி உட்கார்ந்தால் பின்னாலிருந்து, “யோவ், மறைக்குது, கலைச்சுவிடுய்யா!” என்று குரல் வரும். ஒரே ஒரு புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்ற மாற்ற இடைவேளை. முறுக்கு விற்பவருக்கு அந்த ஒற்றை மிஷின்தான் குலதெய்வம்.

பிலிம் அறுந்தால் ஆபரேட்டர் வெட்டி ஒட்டுவார். வெட்டிப் போட்ட துண்டு மறுநாள் காலை எங்கள் கையில் இருக்கும். ஒரு எம்ஜிஆருக்கு இரண்டு சிவாஜி என்பது எங்கள் தெரு விலை. அடுத்த தெருவில் இதே கணக்கு தலைகீழ்.

அதை வைத்து நாங்களும் கொட்டகை நடத்தினோம். பியூஸ் போன பல்பின் உள்கம்பியைப் பக்குவமாக உடைத்தெடுத்து, தண்ணீர் நிரப்பினால் லென்ஸ் தயார். வாசலில் ஒருவன் முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலை இருட்டறைக்குள் திருப்புவான். வெளிச்சத்துக்கும் பல்புக்கும் நடுவே பிலிமைத் தலைகீழாகப் பிடித்தால், எதிரே கட்டிய வேட்டியில் படம் நேராக விழும். வெயில் நகர நகர கண்ணாடிக்காரனும் நகர வேண்டும். பாவம், அவன் மட்டும் படம் பார்த்ததே இல்லை.

வேட்டியில் விழுந்த படம் அசையாது, பேசாது. பேச்சுதான் ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்களிடம் வந்து சேர்ந்துகொண்டிருந்ததே! ரேடியோவில் கேட்ட வசனத்தை அந்த ஒற்றைப் படத்தின் மேல் ஏற்றிவிடுவோம். ஒரு படத்தின் வசனத்தில் இன்னொரு படத்தின் நாயகி பேசுவாள். யாரும் காசைத் திருப்பிக் கேட்டதில்லை. காசு என்பது புளியங்கொட்டைதான், அது வேறு விஷயம்.

இதெல்லாம் சரி, கேட்டதும் பார்த்ததும் ஒன்றுதானா? ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’, 1964. படம் எடுக்கக் கிளம்பிய நாகேஷ், அப்பா பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்கிற காட்சி. ரேடியோவில் கேட்டபோது அது முழுக்க முழுக்க நாகேஷ் சொத்து. காற்று, காலடி, கதவு என எல்லாம் அவர் வாயிலிருந்தே வரும். கொட்டகையில் பார்த்த அன்றுதான் தெரிந்தது, பாதி சொத்து பாலையாவின் பெயரில் இருக்கிறது! அதிகம் பேசாமலே அந்தக் கண்ணும், முகமும், நாற்காலியில் ஒடுங்குகிற உடம்பும். நாகேஷின் சத்தத்தை விடப் பாலையாவின் பயத்தைப் பார்த்துத்தான் கொட்டகை சிரித்தது.

இன்று இரவு உங்கள் கைபேசியிலேயே அந்தக் காட்சியைப் போடுங்கள். ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். அடுத்து, சத்தத்தை அடைத்துவிட்டுப் பாருங்கள். எது பிடித்தது என்று நிலையத்துக்கு எழுதுங்கள். என் ஓட்டு பாலையாவுக்கு. அத்தை ஓட்டு நாகேஷுக்கு. “பயமுறுத்த ஆளில்லேன்னா உங்க பாலையா எதைப் பாத்துடா பயப்படுவாரு?” என்று கேட்பார். அதற்கு எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. வணக்கம்.