ரன் என்றால் ஓடு மட்டும்தானா?

வணக்கம் நண்பர்களே! இன்றைக்கு ‘ரன்’. ஓடு என்று பொருள், இதற்கெல்லாம் ஒரு வீடியோவா என்று கேட்பீர்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்காரர்கள் இந்த வினைச்சொல்லைத் திருத்தி எழுதியபோது 645 பொருள்கள் தேறின. 2011-இல் செய்தியாகவே வந்தது. அதே அகராதியின் 1989 பதிப்பில் முதலிடம் ‘செட்’டுக்குத்தான். பயப்படாதீர்கள், ஆங்கிலத்தையே தாய்மொழியாகப் பேசுகிறவர்களும் 645-ஐயும் மனப்பாடம் செய்வதில்லை.

நான் சொல்லும் வழி இது. கால்களை மறந்துவிடுங்கள். நிற்காமல் போய்க்கொண்டே இருப்பது என்று மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். மோட்டார், கம்ப்யூட்டர் புரோகிராம், மாதக்கணக்கில் நடக்கும் நாடகம் எல்லாம் ‘ரன்’ ஆகின்றன. தமிழிலும் மோட்டார் ஓடும், படம் ஓடும், அதனால் இது சுலபம். மூக்கில்தான் வழி பிரிகிறது. அவர்களுக்கு மூக்கு ‘ரன்’ ஆகும், நமக்கு ஒழுகும்.

‘ஷி ரன்ஸ் எ ஸ்கூல்’ என்றால் பள்ளியை நடத்துகிறார். நாம் நடத்துவதை அவர்கள் ஓட வைக்கிறார்கள், அவ்வளவுதான்! ஆனால் இங்கே ஒரு குழி இருக்கிறது. கார் ஓட்டுகிறேன் என்று சொல்ல நினைத்து ‘ஐ ரன் எ கார்’ என்று சொல்லாதீர்கள். சொந்தமாகக் கார் வைத்துப் பராமரிக்கிறேன், பெட்ரோல், இன்சூரன்ஸ் செலவெல்லாம் என்னுடையது என்று அர்த்தமாகிவிடும். ஸ்டீயரிங்கைப் பிடிப்பதற்கு ‘டிரைவ்’தான்.

அப்புறம், பின்னால் ஒட்டும் சின்னச் சொற்கள். உண்மையான தொல்லை இவைதான். பால் தீர்ந்துவிட்டதா? ‘தி மில்க் ஹாஸ் ரன் அவுட்’. ‘வி’ என்று நம்மிலிருந்து தொடங்கினால் ‘வி ஹாவ் ரன் அவுட் ஆஃப் மில்க்’. அந்த ‘ஆஃப்’ விடுபட்டால் வாக்கியம் கெட்டுவிடும். நண்பரை ‘ரன் இன்டு’ செய்தால் எதிர்பாராமல் சந்தித்தீர்கள், சுவரை என்றால் மோதினீர்கள். ‘ரன் ஓவர்’ இன்னும் மோசம். குறிப்புகளை ‘ரன் ஓவர்’ செய்தால் ஒருமுறை வேகமாகப் பார்த்துவிட்டீர்கள், ஆளை என்றால் போலீஸ் வரும்.

‘ஐ ஆம் ரன்னிங் லேட்’ என்பதற்கும் ஓட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை. டிராஃபிக்கில் காருக்குள் சும்மா உட்கார்ந்துகொண்டே சொல்லலாம்.

தேர்தலிலும் பாருங்கள், அமெரிக்காவில் வேட்பாளர் ‘ரன்’ ஆகிறார், பிரிட்டனில் பெரும்பாலும் ‘ஸ்டாண்ட்’தான். நாமும் நிற்கத்தான் செய்கிறோம்.